28 டன் பிரஸ் மொம்பாசா போக வேண்டும்: கண்டெய்னரா, ஃப்ளாட் ராக்கா, ரோரோவா, கொக்கியா?

கோவையில் ஒரு பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று முடிந்து, பெயின்ட் அடித்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 5.2 மீட்டர், அகலம் 2.9 மீட்டர், உயரம் 3.1 மீட்டர், எடை 28 டன். வாங்கியவர் கென்யாக்காரர். மொம்பாசா துறைமுகம் வரை சேர்ப்பது நம் பொறுப்பு. சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்ட்களான ஃபார்வர்டர்கள் நான்கு பேரிடம் ரேட் கேட்டால் நான்கு விதமாகப் பதில் வரும். பிரித்துக் கொடுங்கள், இரண்டு கண்டெய்னரில் போட்டுவிடலாம் என்பார் ஒருவர். ஃப்ளாட் ராக் என்ற திறந்த தட்டில் அப்படியே வைத்துக் கட்டிவிடலாம் என்பார் இன்னொருவர். கார் கப்பலில் இடம் இருக்கிறது, சக்கரத்தில் உருட்டி ஏற்றும் ரோரோவில் போகட்டும் என்பார் மூன்றாமவர். நான்காமவர், பெட்டியில் போடாமல் சரக்கைத் தனித்தனியாக ஏற்றும் பிரேக்பல்க் கப்பல் ஒன்று வருகிறது, கொக்கியில் மாட்டி நேரே கப்பலுக்குள் இறக்கிவிடலாம் என்பார்.

நான்கு தொகையையும் வரிசையாக எழுதிக் குறைந்ததை டிக் அடிப்பதுதான் வழக்கம். கணக்கு தப்புவதும் அங்கேதான். நான்கு ரேட்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிவதில்லை. கண்டெய்னர் ரேட்டில் கப்பலில் ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் அடங்கிவிடும். பிரேக்பல்க் கொட்டேஷனின் ஓரத்தில் எஃப்ஐஓஎஸ் என்று நான்கு எழுத்து இருந்தால், ஏற்றுவது, இறக்குவது, உள்ளே அடுக்குவது எல்லாம் உங்கள் செலவு. கட்டும் செலவும் வெளியே நிற்கலாம். ஆகவே முதல் வேலை, நான்கையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவருவது: பட்டறைத் தரையிலிருந்து வாங்குபவரின் ஃபவுண்டேஷன் வரை.

இரண்டாவது வேலையை அதிகம் பேர் செய்வதில்லை. வழியில் மெஷின் எத்தனை முறை தூக்கப்படுகிறது, எதைப் பிடித்துத் தூக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரிய சேதங்களில் பல, தூக்கும்போதோ வைக்கும்போதோ, அல்லது சரியாகக் கட்டாததாலோ நடப்பவை. ரேட்டைவிட இந்த எண்ணிக்கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பிரித்துப் பெட்டியில் போடுவது

சாதாரணத்தைவிட உயரமான 40 அடி ஹைகியூப் பெட்டியின் உள்ளுயரம் ஏறக்குறைய 2.69 மீட்டர். அந்த எண்ணை வைத்து டிராயிங் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மெஷின் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கதவின் உயரம் 2.58, அகலம் 2.34 மீட்டர். அடியில் ஸ்கிட் என்னும் தாங்கு கட்டை, உருளை, பக்கங்களில் கை நுழைய இடம் எல்லாம் போக, 2.4 மீட்டர் உயரம், 2.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாக உள்ளே போகும்.

எடை விஷயத்தில் இன்னொரு தப்பான நம்பிக்கை உண்டு. 40 அடிப் பெட்டி 20 அடியைப்போல இரண்டு மடங்கு சுமக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான பெட்டிகளில் இரண்டுக்கும் மொத்த எடை வரம்பு 30.48 டன்தான். பெரிய பெட்டியின் சொந்த எடை அதிகம் என்பதால், அது சரக்காகச் சுமப்பது சுமார் 26.5 டன், சின்னப் பெட்டியோ சுமார் 28 டன் சுமக்கும். பஞ்சு, துணிக்கு 40 அடி. இரும்புக்கு 20 அடி.

அதிலும் தரை தாங்க வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, 20 அடிப் பெட்டியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.5 டன், 40 அடியில் 3 டன். பிரஸ்ஸின் மேல்தலை 12 டன், ஒன்றரை மீட்டர் நீளத்தில் உட்காருகிறது என்றால் மீட்டருக்கு 8 டன் ஆகிவிடுகிறது. அடியில் ஐ-பீம் கொடுத்துப் பாரத்தைக் குறைந்தது 2.7 மீட்டருக்குப் பரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் "மொத்த எடை வரம்புக்குள்தானே இருக்கிறது" என்று விட்டால் பெட்டியின் அடி வளையும்.

நம் பிரஸ்ஸைப் பிரிக்க முடியும் என்றால் அடித்தளமும் மேசையும் ஒரு பெட்டி, மேல்தலை, சிலிண்டர், பவர் பேக், பேனல் எல்லாம் இன்னொரு பெட்டி. இரண்டு 20 அடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 14 டன் சுற்றி. சாலைக்கும் நல்லது, அந்தப் பக்கம் சாதாரண டிரெய்லர் போதும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம், பிரித்துப் பூட்டும் செலவு. எண்ணெய் வடிக்க வேண்டும், பைப் முனைகளை மூட வேண்டும், ஒயர்களுக்கு எண் கட்ட வேண்டும், போட்டோ எடுத்து வைக்க வேண்டும், அங்கே போய் மறுபடி லெவல் பார்க்க வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் இந்த அளவு பிரஸ்ஸை ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்க எப்படியும் ஒரு ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் போகத்தான் போகிறார்கள். டிக்கெட்டும் விசாவும் ஏற்கெனவே கணக்கில் உள்ளவை. கூடுதல் செலவு என்பது சில நாள் தங்கும் செலவும் அங்கே ஒரு கிரேன் வாடகையும். அதை மட்டும் ஒப்பீட்டில் சேருங்கள், மொத்தப் பயணச் செலவையும் பெட்டியின் தலையில் கட்டாதீர்கள்.

பெட்டியின் பெரிய பலம் தூக்கும் எண்ணிக்கையில் தெரிகிறது. தென்னிந்தியத் துறைமுகங்களிலிருந்து போகும் சரக்கு கொழும்பில் கப்பல் மாறுவது சாதாரணம். பெட்டி ஐந்தாறு முறை தூக்கப்படலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கிரேன் பிடிப்பது பெட்டியின் நான்கு மூலைகளை. உங்கள் மெஷின் தொங்குவது இரண்டே முறை: நீங்கள் உள்ளே வைக்கும்போது, அவர்கள் வெளியே எடுக்கும்போது.

பலவீனம் ஈரம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டு, உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் கூரையில் படிந்து சொட்டும். அந்த ஈரத்தில் பெரும்பங்கு, காயாத மரக்கட்டையிலிருந்தே வருகிறது. மெஷினிங் செய்த பரப்புகளுக்குத் துருத் தடுப்பு எண்ணெய், மேலே துருவைத் தடுக்கும் ஆவி விடும் விசிஐ பிளாஸ்டிக், ஈரம் உறிஞ்சும் பைகள், காய்ந்த கட்டை. இவை இல்லாமல் அனுப்பிய ராம் தண்டு அங்கே புள்ளி புள்ளியாகத் துரு பிடித்து இறங்கும். கட்டையில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரையும் வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்ததற்கோ, புகையூட்டியதற்கோ அடையாளம். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஸ்கிட்டில் முத்திரையில்லாத ஒரு கட்டை இருந்தாலும் இறங்கும் துறைமுகத்தில் மொத்த சரக்கும் நிற்கும்.

ஓப்பன் டாப் பெட்டி பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். கூரைக்குப் பதில் டார்பாலின். மேலிருந்து கிரேனில் இறக்கலாம், உயரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், அகலம் மட்டும் நீட்ட முடியாது. நம் பிரஸ்ஸின் 2.9 மீட்டர் அகலம் ஏணியும் நடைமேடையும் சேர்ந்து வருவதென்றால், அவற்றைக் கழற்றி 2.2-க்குள் கொண்டுவந்து, பவர் பேக்கையும் தனியே எடுத்து 24 டன்னாக்கினால், ஓப்பன் டாப் அருமையான வழி. பாதி பிரித்தால் போதும். உயரத்தால் மேலே ஒரு இடம் வீணாவதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு, அவ்வளவுதான்.

ஃப்ளாட் ராக்: வசதி உண்டு, வாடகை அதிகம்

பக்கச் சுவரும் கூரையும் இல்லாமல் தரையும் இரு முனைச் சுவர்களும் மட்டும் உள்ள தட்டுதான் ஃப்ளாட் ராக். 40 அடி ராக் பல 40 டன் அளவுக்குச் சுமக்கும். பிரிக்கவே முடியாத, ஒரே வெல்டிங் ஃப்ரேமாக வரும் மெஷினுக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

இதன் கட்டணம் எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி பேரம் முடிந்த மாதிரி. பெட்டியின் வெளி அகலம் 2.438 மீட்டர். கப்பலில் பெட்டிகள் அதற்கேற்ற கட்டங்களில் நிற்கின்றன. உங்கள் சரக்கு 2.44-க்கு மேல் ஒரு கை அளவு நீட்டினாலும் பக்கத்துக் கட்டத்தில் எதையும் வைக்க முடியாது. நடுவில் வைத்தால் இரு பக்கமும் போகும். உயரமும் முனைச் சுவரைத் தாண்டினால் மேல் கட்டமும், அதன் இரு பக்கங்களும் சேரலாம். ஆக நம் பிரஸ் ஒரு கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் ஐந்து கட்டங்கள் வரை காலியாக வைக்கச் சொல்கிறது. இழந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் கப்பல் கம்பெனி காசு கேட்கும். நடைமேடை, கைப்பிடிக் கம்பி, வெளியே துருத்தும் மோட்டார் என்று 46 சென்டிமீட்டரைக் கழற்ற முடிந்தால் பக்கக் கட்டங்கள் மொத்தமும் மிச்சம். ஒரு வெல்டருக்கும் ஒரு பெட்டி போல்ட்டுக்கும் ஆகும் செலவு அதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

சாலையையும் இதே டேப்பில் அளந்துவிடுங்கள். இங்கே 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் அது ஓடிசி, அதாவது அளவு மீறிய சரக்கு. தனி அனுமதி வேண்டும். உயரமும் பார்க்க வேண்டும்: 3.1 மீட்டர் மெஷினைப் பட்டறையிலேயே ராக்கில் வைத்து, ராக்கைச் சாதாரண டிரெய்லரில் ஏற்றினால் மொத்தம் ஐந்து மீட்டர் சுற்றி வந்துவிடும். வழியில் பாலமும் மின்கம்பியும் என்ன சொல்லும் என்று யாரும் உறுதி தர முடியாது. தாழ்வான தளமுள்ள லோ-பெட் டிரெய்லரில் மெஷினை மட்டும் எடுத்துப்போய் துறைமுகம் அருகே ராக்கில் வைத்துக் கட்டுவதே மேல். ஆனால் அது இன்னொரு முறை தூக்குவது. எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் கப்பல் மாறுவது இங்கே வேறு கதை. உயரம் தாண்டிய ராக்கைச் பெட்டியின் மூலைகளைப் பிடிக்கும் கிரேனின் சாதாரண ஸ்ப்ரெடரால் பிடிக்க முடியாது. தனிச் சட்டமோ சங்கிலியோ போட வேண்டும், ஒவ்வொரு துறைமுகத்திலும் தனிக் கட்டணம், அடுத்த கப்பலிலும் தனி அனுமதி. இடம் இல்லையென்றால் அங்கேயே காத்திருக்கும். ராக் மேல்தளத்தில் போனால் உப்புக்காற்று நேரே முகத்தில் அடிக்கும்; சுற்றிய பிளாஸ்டிக் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும். ராக்கைத் தேர்ந்தெடுப்பவர் கடைசி சில நூறு டாலர் குறைப்பதைவிட, கப்பல் மாறாத நேர்வழி கிடைக்குமா என்று கேட்பது உத்தமம்.

கட்டுவது தனிக் கலை. 2014-ல் ஐநா-வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவும் கூட்டாளி அமைப்புகளும் வெளியிட்ட, சரக்கைப் பெட்டியிலும் ராக்கிலும் வைத்துக் கட்டுவதற்கான சிடியு கோட், மோசமான கடல் பகுதிகளுக்குப் பக்கவாட்டில் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. 28 டன் பிரஸ் என்றால் 22 டன்னுக்கு மேல் பக்கவாட்டில் இழுக்கும். நாலு செயின் போட்டு "நல்லா டைட்டா இருக்கு" என்றால் போதாது. பிரஸ் போன்ற தலைகனத்த மெஷினுக்கு நழுவுவதைவிடச் சாய்வதுதான் ஆபத்து. ஈர்ப்பு மையத்தை மெஷின் மேலேயே பெயின்ட்டில் குறித்துவிடுங்கள்.

அப்புறம், ராக் கப்பல் கம்பெனியின் சொத்து. இலவச நாட்கள் முடிந்தால் தினவாடகை ஓடும், சாதாரணப் பெட்டியைவிட அதிகமாகவே. வாங்கியவர் கென்யாவின் உள்பகுதியிலோ உகாண்டாவிலோ இருந்தால், ராக் போய் இறக்கி மொம்பாசா திரும்ப வர ஆகும் நாட்களையும் ஒப்பீட்டில் எழுதுங்கள். இதைத் தவிர்க்கவே சிலர் பழைய பெட்டியை விலைக்கு வாங்கி, மெஷினோடு வாங்குபவருக்கே விட்டுவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் அந்தப் பெட்டி கிடங்காக வாழ்க்கை நடத்தும்.

ரோரோ

கார் கப்பல் என்றதும் கார் மட்டும் என்று நினைப்பதால் இந்த வழியை நம் ஊரில் குறைவாகவே கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். சென்னை, எண்ணூர் துறைமுகங்களிலிருந்து கார் ஏற்றுமதி பல ஆண்டுகளாக நடக்கிறது. அதே கப்பல்களில் பல, சக்கரமில்லாத கனச்சரக்கையும் மாஃபி என்ற தாழ்வான டிரெய்லரில் வைத்து இழுத்துப்போகின்றன. பெரிய ரோரோ கப்பல்களின் சாய்தளம் அசாத்தியமானது. 2011-ல் வந்த டோன்ஸ்பெர்க் கப்பலின் சாய்தளம் 505 டன் வரை தாங்கும்.

மெஷின் ஒருமுறை மாஃபியில் உட்கார்ந்து கட்டப்பட்டால், அங்கே போய் இறங்கும் வரை யாரும் அதைத் தூக்க மாட்டார்கள். கப்பலுக்குள், மூடிய தளத்தில், மழையும் உப்பும் படாமல் போகும். அகலத்துக்கும் உயரத்துக்கும் கட்டக் கணக்கு இல்லை. கன மீட்டர் கணக்கில் கட்டணம். ஆகவே துருத்திய ஏணியைக் கழற்றி வைப்பது இங்கேயும் காசுதான்.

குறை என்னவென்றால் கப்பல் நீங்கள் நினைத்த ஊருக்கு, நினைத்த மாதத்தில் போக வேண்டும். கார்காரர்களுக்கு இடம் போனபிறகே உங்களுக்கு. அங்கே மாஃபியிலிருந்து 28 டன்னை எடுக்க மொம்பாசாவில் சரியான கிரேனை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். கப்பல் நேராகப் போகிறது, தேதி பொருந்துகிறது என்றால், ஃப்ளாட் ராக்கைவிடக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் நான் இதைத்தான் எடுப்பேன்.

கொக்கியில் தொங்கும் பிரேக்பல்க்

கப்பலின் சொந்தக் கிரேனால் மெஷினைத் தூக்கி நேரே அறைக்குள் வைப்பது. நூறு டன், இருநூறு டன் என்று போகும் சரக்குக்கு இதைவிட்டால் வழியில்லை. தூத்துக்குடியில் காற்றாலை இறக்கைகள் ஏறும் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றை எந்தப் பெட்டியிலும் அடக்க முடியாது.

நம் 28 டன்னுக்கு? கட்டணம் பெரும்பாலும் டன்னோ கன மீட்டரோ, எது அதிகமோ அதன்மேல். 5.2 × 2.9 × 3.1 என்றால் 46.75 கன மீட்டர். அதாவது 28 டன் மெஷினுக்கு 46.75 டன் கணக்கில் பில். அகலத்தை 2.44 ஆக்கினால் 39.3 கன மீட்டர். குறைந்தபட்சக் கட்டணம் என்று வேறு ஒன்று வைத்திருப்பார்கள். கப்பல் நிறைந்தால்தான் கிளம்பும், தேதி என்பது ஒரு வாரமோ இரண்டு வாரமோ அகலமுள்ள சாளரம். எல்சி, அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம் வைத்து ஏற்றுமதி செய்பவருக்கு, கடைசி ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது அந்தச் சாளரம் தூக்கத்தைக் கெடுக்கும்.

தூக்கும் எண்ணிக்கை இங்கே குறைவு, ஆனால் ஒவ்வொரு முறையும் பாரம் தொங்குவது மெஷினின் சொந்த லக்குகளில், அதாவது தூக்கும் காதுகளில். பட்டறைக்குள் ஓவர்ஹெட் கிரேனுக்கு வைத்த லக்கு, அலையில் ஆடும் கப்பலிலிருந்து இறங்கும் குலுக்கலுக்குப் போதுமா என்று டிசைனரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒற்றை 28 டன் துண்டுக்கு இந்த வழியை நான் கடைசியில்தான் வைப்பேன். அதே ஆர்டரில் ஏழெட்டு மெஷின்கள் இருந்தாலோ, ஒரு முழு ஆலையே போனாலோ கணக்கு தலைகீழாகும்.

பிரிக்கவே முடியாத சரக்கும் உண்டு. கென்யாவின் தேயிலை ஆலைகளுக்குப் போகும் விறகு பாய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெல்லை வெல்டிங் செய்து, நீர் அழுத்தச் சோதனை முடித்துச் சான்றிதழ் வாங்கியபின் வெட்டி எடுத்துப்போவது என்ற பேச்சே இல்லை. அங்கே கேள்வி ஷெல்லின் விட்டம் மட்டும். 2.2-க்குள் இருந்தால் ஓப்பன் டாப்; இன்சுலேஷன் தகட்டையும் வால்வுகளையும் கழற்றி 2.43-க்குள் வந்தால் ராக், பக்கக் கட்டம் இழக்காமல். அதையும் தாண்டினால் ரோரோ. திருச்சி துவாக்குடிப் பக்கம் இந்த வேலை செய்பவர்களில் கெட்டிக்காரர்கள் சிலர், விட்டத்தை முடிவு செய்யும் முன்பே இந்த எண்களைப் பார்த்துவிட்டு, ஷெல்லைச் சற்று நீளமாக்கி ஒல்லியாக்கிவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் ஒப்பீட்டுக்கு உள்ளே வர வேண்டியது

கப்பல் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. ஹேக்-விஸ்பி என்ற சர்வதேசக் கடல் சரக்கு விதிகளின்படி ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்-பின் கணக்கு அலகு), அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. 28,000 கிலோவுக்கு 56,000 எஸ்டிஆர். ஒரு எஸ்டிஆர் 1.35 டாலர் என்று போட்டால் 75,600 டாலர். மெஷினின் விலை அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருந்தால் மிச்சம் உங்கள் தலையில். மேல்தளத்தில் ஏற்றியதாக கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் குறிப்பு இருந்தால் இந்தப் பாதுகாப்பும் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே சரக்கு இன்சூரன்ஸில் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் ஏ என்ற விரிவான ஷரத்தை எடுங்கள். சி மலிவு, ஆனால் ஏற்றும்போது கீழே போட்டு உடைத்ததை அது பார்க்காது. ஏ எடுத்தாலும் போதுமான பேக்கிங் இல்லாத குறை விலக்கப்பட்டதுதான். கட்டி முடித்தபின் சர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டு போட்டோவோடு ரிப்போர்ட் வாங்குவது அதற்காகவே. ராக்கும் மேல்தளமும் என்றால் பிரீமியம் ஏறும். அந்த வித்தியாசத்தையும் கண்டெய்னர் ரேட்டுக்கு எதிரே எழுதுங்கள். 2021 மார்ச்சில் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பல் ஆறு நாளில் மிதந்தது, ஆனால் ஜூலை 7 வரை விடுவிக்கப்படவில்லை. ஜெனரல் ஆவரேஜ், அதாவது கப்பலைக் காப்பாற்றிய செலவை எல்லாச் சரக்கும் பகிர்வது, அறிவிக்கப்பட்டதால், சேதமே ஆகாத சரக்கின் சொந்தக்காரர்களும் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தே எடுக்க வேண்டியிருந்தது. இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்கு அது காகித வேலை, இல்லாதவர்களுக்குக் கைப்பணம்.

சரி, நம் பிரஸ்ஸுக்கு என் வரிசை இது. போல்ட்டில் பிரியும் ஃப்ரேம் என்றால் இரண்டு 20 அடிப் பெட்டி, யோசிக்க வேண்டியதில்லை. துருத்தியவற்றைக் கழற்றி ஒல்லியாக்க முடிந்தால் ஓப்பன் டாப். ஒரே துண்டு, நேராகப் போகும் கார் கப்பல் கிடைக்கிறது என்றால் ரோரோ. கிடைக்காவிட்டால் ஃப்ளாட் ராக், கப்பல் மாறாத வழியில். ஆர்டர் பெரிதானால் மட்டும் பிரேக்பல்க்.

இந்த வரிசை உங்கள் கையில் இருப்பது, விற்பனை விதி என்ன என்பதைப் பொறுத்தது. மொம்பாசா வரை ஃப்ரெய்ட் உங்களுடையது என்றால் தேர்வும் உங்களுடையது. எஃப்ஓபி-யில், அதாவது கப்பலில் ஏற்றித் தருவது வரை மட்டும் என்று விற்றால் கப்பலைப் பிடிப்பவர் வாங்குபவரின் ஃபார்வர்டர். ஆனால் கப்பலில் ஏறும் வரை சேதம் உங்கள் கணக்கில். ராக்கையோ பெட்டியையோ டெர்மினலில் ஒப்படைத்துவிட்டு, நாட்கணக்கில் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் நிற்கும் சரக்குக்கு நீங்கள் பொறுப்பு சுமப்பீர்கள். பெட்டிச் சரக்குக்கு எஃப்சிஏ கேளுங்கள், ஒப்படைத்த இடத்தோடு பொறுப்பு முடியும். எஃப்ஓபி-தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், எந்த வகையில் ஏற்றுவது, கப்பல் மாறலாமா, மேல்தளம் சம்மதமா என்ற மூன்றையும் ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.